பிடியரிசியும் திருச்சபையும்
(தோர்னக்கல் ஏழை மக்களின் கொடை வரலாறு)

கிறிஸ்தவ சமய வழக்கில் 'உக்கிராணத்துவம்' என்றொரு சொல் உண்டு. பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் காணப்படும் 'உக்கிராணக்காரன்' என்ற சொல்லினின்று கிளைத்தது அது. உக்கிராணம் என்பது பண்டகசாலை. பெரிய வீடுகளிலும் கோயில்களிலும் நெல், பருப்பு, எண்ணெய் முதலியவற்றைச் சேமித்து வைக்கும் அறைக்கு அப்பெயர் வழங்கிற்று. அவ்வறையின் திறவுகோலை இடுப்பில் செருகியிருப்பவன் அப்பொருள்களுக்கு உடையவன் அல்லன். உடையவனிடம் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன். மனிதனுடைய பொருள், காலம், ஆற்றல் ஆகிய யாவும் இறைவனுக்கு உரியவை, மனிதன் அவற்றைப் பொறுப்பாகக் கையாண்டு பிறர்க்குப் பகிரவேண்டியவன் என்பதே இச்சொல்லின் உட்பொருள்.

கருத்து உயர்ந்ததே. ஆயினும் உக்கிராண அறையின் வாசற்படியைக் கூட மிதிக்க விடப்படாத மக்கள் இந்நாட்டில் கோடிக்கணக்கில் வாழ்ந்தனர். நெல்லை விளைவித்தவர் அவர்கள். அறுத்துக் களம் சேர்த்தவரும் அவர்களே. அறைக்குள் சென்ற பின் அந்நெல்லின் மேல் அவர்களுக்கு யாதொரு சொல்லும் இல்லை. இத்தகைய மக்களிடம் சென்று, 'நீங்கள் உக்கிராணக்காரர். கொடுங்கள்' என்று ஒருவர் கூறினால் அதன் பொருள் யாது? அது பரிகாசமா, சுரண்டலின் மற்றொரு வடிவமா, அல்லது வேறு ஏதேனுமா? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர்க்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல் பகுதியில் நிகழ்ந்தவை மிகவும் பயன்படும். அவ்வரலாற்றின் ஒரு முனை நம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கின்றது என்பதும் குறிப்பிடத்தக்கது.

வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரமும், அதனையடுத்து 'ஈகை' என ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒன்று ஊரோடு ஒத்துப் பகிரும் கடமை. மற்றொன்று இல்லாதவர்க்குக் கொடுப்பது. இரண்டையும் அவர் தனித்தனியே வைத்தது சிந்திக்கத்தக்கது. பின்வந்த நம் சமுதாயத்திலோ கொடுப்பவன் யார், கையேந்துபவன் யார் என்பது பிறப்பிலேயே முடிவு செய்யப்பட்டுவிட்டது. சேரியில் பிறந்தவன் கொடை பெறுபவனாகவே எழுத்திலும் பேச்சிலும் சித்திரிக்கப்பட்டான். அவன் கொடுத்த உழைப்பு எந்தக் கல்வெட்டிலும் கொடையாகப் பொறிக்கப்படவில்லை.

யூதர் தம் விளைவில் பத்திலொரு பங்கைச் செலுத்தும் தசமபாக முறையைக் கைக்கொண்டிருந்தனர். தொடக்ககாலத் திருச்சபையில் கொடை மன விருப்பத்தைச் சார்ந்ததாக இருந்தது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் அடிகளார் திரட்டிய நிதிக்கு, தாமே வறியவரான மக்கெதோனியா நாட்டுச் சபையார் தம் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தனர் எனக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் தெரிவிக்கின்றது. ஐரோப்பாவில் திருச்சபை அரசோடு கைகோத்த பின்னர், இத்தசமபாகம் சட்டத்தால் வசூலிக்கப்படும் வரியாயிற்று. குடியானவன் கதிரைக் கட்டுமுன் பத்தாவது கட்டுக்குக் கோயிலின் ஆள் வந்து நின்றான். பிரெஞ்சுப் புரட்சி 1789இல் அதனை ஒழித்தது. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது பணமாகச் செலுத்தும் நிலக் கட்டணமாக மாற்றப்பட்டு, 1936ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கட்டணமும் முடிவுக்கு வந்தது. தாமாக விரும்பிக் கொடுப்பது எவ்வளவு எளிதில் கட்டாய வரியாகிவிடுகின்றது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று. இதனை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இனி, நம் பக்கத்துக்கு வருவோம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், நிலக்கிழார்களின் துன்புறுத்தலால் வீடிழந்த எளிய கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தும் பொருட்டு 1830இல் தர்ம சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார். அக்காலத்தில் வெளிநாட்டுக் கொடையும் மிகுதியாக வந்தது. ஜெர்மனி தேசத்துப் பிரபு ஒருவர் அளித்த பொருளுதவியின் நினைவாகவே டோனாவூர் என்ற ஊர்ப்பெயர் நிலைத்தது. பிரபுவின் பெயரால் ஊர் உண்டு; அன்றாடம் உலைக்கு வைத்த அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கிய கூலிக்காரியின் பெயரால் ஓர் ஊரும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; வரலாறு எழுதப்படும் முறை இது என்பதைச் சுட்டுகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராக இலண்டனில் இருந்த ஹென்றி வென் என்பவர், இந்நாட்டுச் சபைகள் தம்மைத் தாமே தாங்கி, தாமே ஆண்டு, தாமே பரவவேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தினார். அக்கொள்கையின் பயனாகத் திருநெல்வேலியில் சபைச் சங்கங்கள் ஏற்பட்டு, உள்ளூர்க் குருமார், உபதேசியார் ஆகியோரின் சம்பளப் பொறுப்பு சிறிது சிறிதாக மக்கள் தலையில் வந்தது. இம்மாவட்டத்து மக்களுக்கு அது முற்றிலும் புதிதன்று. நாடார் உறவின்முறைகளில் வணிகத்தின் மீது 'மகமை' என ஒரு சிறு பங்கு ஒதுக்கிப் பொதுக் காரியங்களுக்குச் செலவிடும் வழக்கம் இருந்தது. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியாலும் நடைபெற்றது. பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்த காமராசர் அப்பிடியரிசிப் பள்ளியில் பயின்றவர். கல்விச் சங்கத்தின் மலர் ஆகையால் இச்செய்தியை இங்கு எழுதாமல் கடக்க மனம் வரவில்லை.

இத்தகைய சூழலில், 1874ஆம் ஆண்டு வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இவர் 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றியவர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தம் சொந்தப் பணத்தைத் திரட்டிக் கடல்கடந்து ஊழியரை அனுப்பித் தாங்குவதைக் கண்டார். நம்மால் ஏன் இயலாது என்ற எண்ணம் அவரை உறுத்திற்று. அதன் விளைவாக, 1903ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆட்கள், பணம், நிருவாகம் மூன்றும் இந்தியருடையனவாகவே இருக்கவேண்டும் என்பது அதன் கோட்பாடு. 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் அமைந்தபோதும் அவர் அதில் முதன்மைப் பங்கு கொண்டார்.

திருநெல்வேலிச் சங்கம் தன் பணிக்களமாகத் தேர்ந்தது நிஜாம் அரசின் ஆட்சியிலிருந்த தோர்னக்கல் வட்டாரம். இன்று அது தெலங்கானா மாநிலத்து மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. அன்று அது ஓர் இரயில் சந்திப்பும், சுற்றிலும் காடும் மேடும் சிற்றூர்களுமாக இருந்தது. பனங்காட்டில் பிறந்தவர்கள் மொழி தெரியாத நாட்டுக்குச் சென்றனர். 1909இல் குருப்பட்டம் பெற்ற அசரியாவும் அங்குச் சென்று தெலுங்கு கற்றார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் தோர்னக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதன்முறை.

அவருடைய சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் மாலரும் மாதிகரும் ஆவர். தெலுங்கு நாட்டில் தீண்டப்படாதோர் எனத் தள்ளிவைக்கப்பட்ட இரு பெரும் சமுதாயங்கள் இவை. மாலர் வயற்கூலிகளாகவும் ஊர்க் காவல், ஏவல் பணி செய்வோராகவும் இருந்தனர். மாதிகர் தோல் தொழிலும் கூலி வேலையும் செய்தனர். கூலி பெரும்பாலும் தானியமாகவே கிடைத்தது. பணத்தைக் கண்ணால் காண்பது அரிது. நிஜாம் ஆட்சிப் பகுதியில் 'வெட்டி' என்னும் கட்டாய ஊழியம் வேரூன்றியிருந்தது. ஊர்த் தலைவன் வீட்டுக்கு விறகு வெட்டுவதும், அதிகாரி வந்தால் மூட்டை சுமப்பதும், செருப்புத் தைத்துக் கொடுப்பதும் கூலியின்றிச் செய்யவேண்டிய கடமைகள். நம் வட்டாரத்து முதியோர் 'வெட்டி வேலை' என்று சொல்லும்போது அச்சொல்லின் கசப்பு எங்கிருந்து வந்தது என்பது இதனால் விளங்கும்.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது உள்ளது. அம்மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது மிகுதி. ஆனால் அவர்கள் கொடுத்தது என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஏனெனில், மறுக்க முடியாத ஒன்றைக் கொடை என்று சொல்லுதல் பொருந்தாது. 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை உள்ளவனே 'இந்தா' என்று கொடுக்க முடியும். தெலுங்கில் 'பிடிகெடு பிய்யம்' எனப்படும் ஒரு பிடி அரிசியை, சமைக்கும்போதெல்லாம் தனிக் கலயத்தில் ஒதுக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கொண்டுவரும் பழக்கம் அங்கு ஏற்பட்டபோது, அந்தப் பிடியை எடுக்குமாறு எந்தத் தலையாரியும் தடியோடு வாசலில் நிற்கவில்லை. ஒரு மாதிகப் பெண் தன் பானையிலிருந்து தானாக எடுத்து வைத்தாள்; வைக்காமலும் இருந்திருக்கலாம். அளவில் அது அற்பம். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பெறுபவளாகவோ பறிகொடுப்பவளாகவோ மட்டும் அறியப்பட்டவள், அன்று கொடுப்பவள் ஆனாள்.

பெண் என்று எழுதியது வேண்டுமென்றே. தானியக் கூலி வீட்டுக்கு வந்த பின் அதனை அளந்து உலையிலிடுபவள் அவளே. நாணயக் காணிக்கை என்றால் ஆடவன் மடியை அவிழ்த்தாக வேண்டும்; அரிசிக் காணிக்கைக்கு எவரிடமும் கேட்கவேண்டியதில்லை. வடகிழக்கே மிசோ மலைநாட்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களாலேயே இத்தகைய பிடியரிசி முறை தோன்றி, அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் வருவாயில் ஒரு பெரும் பகுதியாக வளர்ந்தது. தொலைவிலுள்ள இரு நாடுகளில், இரு வேறு மொழியினரிடையே, ஏழைப் பெண்ணின் கை ஒரே அளவைப் பயன்படுத்தியது வியப்பன்று. அவளிடம் இருந்த அளவை அது ஒன்றுதானே!

அறுப்பின் பண்டிகை தோர்னக்கல் சபைகளின் மற்றொரு சிறப்பு. கதிர்க்கட்டு, சோளம், மிளகாய், பூசணி, கோழி, முட்டை என அவரவர்க்கு இயன்றதைப் பீடத்தின் முன் கொண்டுவந்து வைப்பர். பின்னர் அவை ஏலம் விடப்பட்டுத் தொகை சபைக் கணக்கில் சேரும். நம் நாட்டுச் சபைகளிலும் இவ்வழக்கம் உண்டு. யான் முன்னர்ப் பணியாற்றிய சிற்றூர் ஒன்றில், பண்டிகை ஏலத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு முட்டையை எடுத்தவர் பணத்தைச் செலுத்திவிட்டு முட்டையைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்தார். அடுத்தவரும் அவ்வாறே செய்தார். அம்முட்டை கைமாறிக் கைமாறி ஒரு கோழியின் விலையையும் தாண்டியது. அதனைக் கொண்டுவந்த மூதாட்டி முன்வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு முறை விலை ஏறும்போதும் பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியாராகிய எனக்கு அம்முட்டையின் விலையை எவ்வகைக் கணக்கில் சேர்ப்பது என்று விளங்கவில்லை.

சேர்ந்த தானியம் என்ன ஆயிற்று? சிற்றூர் ஆசிரியருக்கும் உபதேசியாருக்கும் அதிலிருந்து ஊதியம் கிடைத்தது. பெரும்பாலும் இருவரும் ஒருவரே. பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, இரவில் கூலி முடித்து வந்த பெரியவர்களுக்குச் செபமும் பாட்டும் வேத பாடமும் சொல்லிக்கொடுத்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடமில்லாத மாலப்பள்ளி, மாதிகப்பள்ளிக் குழந்தைகள் முதன்முதலாகப் பலகையில் எழுதியது இத்தகைய ஓலைக் கொட்டகைகளிலேதான். அந்த ஆசிரியரைச் சோறிட்டுக் காத்தவர்கள் தாங்களே என்பதால், அவர் வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கும் துணிவும் பெற்றோர்க்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசுப் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கின்றேன்: பெற்றோர் வந்து கேள்வி கேட்கும் பள்ளியும், எவரும் எட்டிப்பாராத பள்ளியும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆயினும் எல்லாம் பிடியரிசியால் நடந்தது என்று எழுதுவது உண்மையாகாது. கிருஷ்ணா ஆற்றுக் கழிமுகம் உள்ளிட்ட பிற தெலுங்குப் பகுதிகளும் பின்னர்ச் சேர்க்கப்பட்டுத் திருமண்டலம் விரிவடைந்து, அசரியாவின் இறுதிக் காலத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்தது. உயர்தரப் பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் முதலியவற்றுக்கு வெளிநாட்டுச் சங்கங்களின் உதவி தேவையாகவே இருந்தது. அசரியாவுக்கும் இது தெரியும். வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருக்கும் சபை, வெளிநாட்டார் சொல்லுக்கும் அடங்கியிருக்கும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1910இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில், ஐரோப்பிய ஊழியர் இந்தியரைச் சமமான நண்பராக நடத்தத் தவறுவதை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தவர் அவர். கொடையைப் பற்றி அவர் இடையறாது பேசியதற்கும் இந்தச் சமத்துவ உணர்வுக்கும் தொடர்பு உண்டு என்பது என் கருத்து. இப்பொருள் குறித்து 'கிறிஸ்டியன் கிவிங்' என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதினார். அது அவர் மறைவுக்குப் பின்னரும் வெளிநாடுகளில் பதிப்பிக்கப்பட்டது. பிறரிடம் கொடை பெற்ற ஒரு நாட்டின் அத்தியட்சர் எழுதிய நூலைக் கொண்டு, கொடுத்த நாட்டார் கொடையின் இலக்கணத்தைக் கற்றனர்.

தோர்னக்கல் பேராலயம் 1939ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டி முடிய ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஒரு வெள்ளி விழாக் காலம்! கோயில் தூண்களின் சாயலும் பள்ளிவாசல் கும்பங்களின் சாயலும் கலந்த கட்டடம் அது. கோபுர நிழலிலும் நிற்க விடப்படாதவர்களின் பிள்ளைகள், கோயில் தூண்களைப் போன்ற தூண்களுக்கிடையே தம் இடத்தில் அமர்ந்தனர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் எழுத வேண்டியிருக்கிறது. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரு காசுகளைப் போட்ட நிகழ்ச்சி, கொடையைப் பற்றிய பிரசங்கங்களில் தவறாமல் எடுத்தாளப்படுகிறது. ஆனால் மாற்கு சுவிசேஷத்தில் அந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னே, விதவைகளின் வீடுகளை விழுங்கும் சமயத் தலைவர்கள் கண்டிக்கப்படுகின்றனர். இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். பல சபைகளில் சந்தா பாக்கி தீர்க்காத ஏழைக்குத் திருமணமும் அடக்கமும் தாமதிக்கப்பட்டதை நம் முதியோர் அறிவர். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் பீடத்திலிருந்து வாசிப்பதால், ஐந்து ரூபாய் கொண்டுவந்தவர் தலை குனிந்து அமர நேர்கிறது. காணிக்கைத் தட்டில் எவருடைய பணமும் தீட்டாவதில்லை. ஆனால் அதே மக்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை ஒதுக்கிய சபைகள் இருந்தன. மாலரும் மாதிகரும் ஒரே பந்தியில் அமர்வதும் தோர்னக்கலில் எளிதாக இருக்கவில்லை. அசரியா தம் வாழ்நாள் முழுவதும் அதற்காகப் போராட வேண்டியிருந்தது. பிடியரிசி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் அவ்வரிசியால் எழுந்த கல்வி நிலையங்களின் நிருவாகக் குழுவில் அமர்ந்தனர் என்ற வினாவை ஒவ்வொரு சபையும் தன் பதிவேட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். உக்கிராணக்காரன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்றால், பணம் கொடுத்தவனுக்கு மட்டுமன்றி அதனைக் கையாள்பவனுக்கும் அப்பெயர் உரியதே.

அசரியா 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தோர்னக்கலில் காலமானார். அவர் பெரிதும் உழைத்த தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் நிறைவேறிற்று. அதனைக் காண அவர் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மற்றொன்று நிகழ்ந்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தவர் அல்லாதாரைப் பட்டியல் இனத்தவராகக் கருதலாகாது என வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவ்வரையறை தளர்த்தப்பட்டது. கிறிஸ்தவரான மாலர், மாதிகர், நம் பகுதிப் பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகியோர்க்கு அத்தளர்வு வரவில்லை. மதம் மாறினால் சாதி மறைந்துவிடும் என்று சட்டம் கருதியது. ஊர் அவ்வாறு கருதவில்லை.

ஆகவே தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளின் கல்விச் செலவு மீண்டும் அவர்கள் பெற்றோரின் கையிலும், சபையின் கையிலும், இதுபோன்ற கல்விச் சங்கங்களின் கையிலும் வந்து சேர்ந்தது. அரசு உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப இயலாமல் நின்ற பிள்ளைக்குப் புத்தகமும் விடுதிக் கட்டணமும் கொடுத்தது எங்கோ ஒரு வீட்டின் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்த சிறு கலயமே. தோர்னக்கல் பக்கத்துச் சிற்றூர்ச் சபைகளில் அக்கலயத்து அரிசியை அளந்து கணக்கெழுதியவர் பெரும்பாலும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். இவ்வளவு படி அரிசி, இவ்வளவு சோளம், கோழி ஒன்று, முட்டை நான்கு என்று அவர் வாசிக்க, கொடுத்தவர்கள் எதிரே அமர்ந்து கேட்டனர்; தம் பங்கு விடுபட்டிருந்தால் எழுந்து சொல்லித் திருத்தினர்.